டொயோட்டா கொரோல்லா கிராஸ் வச்சிருக்கவங்க கொஞ்சம் வாங்க: பெட்ரோலா ஹைப்ரிட்டா, ரோட்ல நிஜமா எவ்வளவு குடிக்குது, டர்பன் வரைக்கும் முதுகு தாங்குதா?

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா ஜோபர்க் பக்கம் தான், வீடு மிட்ராண்ட், ஆபீஸ் சாண்ட்டன், தினமும் காலையில ஆலண்டேல்ல என்1 ஹைவே ஏறி பக்ளூ வழியா போறது, அந்த பக்ளூ ஜங்ஷன்ல வண்டி எப்படி நகரும்னு உங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரம்மா டர்பன் பொண்ணு, அதனால ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், டிசம்பர் லீவு, நடுவுல கல்யாணம் காட்சின்னு என்3 ஹைவேல அடிக்கடி இறங்கி ஏறணும். இப்ப இருக்கற சின்ன வண்டில ரெண்டு பசங்க, எங்கம்மா, லக்கேஜ் எல்லாம் அடைச்சுக்கிட்டு போக முடியல. அம்மாவுக்கு வேற இடுப்பு வலி, ஹாரிஸ்மித் வர்றதுக்குள்ளயே எங்கயாச்சும் நிப்பாட்டுப்பான்னு சொல்லிடுறாங்க.

கொரோல்லா கிராஸ் எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன், வெறும் பெட்ரோலா, பெட்ரோல் எஞ்சினோட பேட்டரி மோட்டாரும் சேந்த ஹைப்ரிட்டாங்கறதுல தான் நிக்குது. பெட்ரோல் 1.8 லிட்டர் சிவிடி (படிப்படியா கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்), பவர் 103 கிலோவாட், 100 கிமீக்கு 6.8 லிட்டர்னு போட்டிருக்கான், ஹைப்ரிட் மொத்தமா 90 கிலோவாட் தான் ஆனா 4.3 லிட்டர்னு போட்டிருக்கான். புரோஷர் நம்பர் எனக்கு வேணாம், ஓட்டறவங்க நம்பர் சொல்லுங்க. அப்புறம் பின் சீட் எப்படி, பெரியவங்க உக்காந்து வர முடியுமா, அதையும் சொல்லுங்க ப்ளீஸ்.

இசிப்பிங்கோ_பெரியவர்:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த வண்டி எங்க ஊர் வண்டி. 2021-ல இருந்து டொயோட்டாவோட பிராஸ்பெக்டன் பிளாண்ட்ல தான் செய்யறாங்க, எங்க வீட்ல இருந்து பாத்தா அந்த ஷெட்டு கூரை தெரியும். எங்க குடும்பத்துல மூணு தலைமுறை ஆளுங்க அந்தப் பக்கம் வேலை பாத்தவங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல பிளாண்ட் முழுக்க தண்ணி ஏறி மாசக்கணக்குல லைன் நின்னுச்சு, அப்ப இந்த ஏரியாவுல எத்தனை வீட்ல அடுப்பு யோசிச்சு யோசிச்சு எரிஞ்சுதுன்னு எங்களுக்குத் தான் தெரியும். திரும்ப லைன் ஓடினப்புறம் வெளிய வந்த வண்டில ஒண்ணு தான் நம்ம கிட்ட இருக்கு, பெட்ரோல், 17 இன்ச் சக்கரம்.

கணக்கு கேட்டியே. டர்பன்ல நான் ஓட்டறது இசிப்பிங்கோ டு சாட்ஸ்வொர்த், மகள் வீடு ஃபீனிக்ஸ், சில நாள் மவுண்ட் எட்ஜ்கோம் கோயில். எல்லாம் மேடு பள்ளம், ஒவ்வொரு ரோபோலயும் (டிராஃபிக் சிக்னல்) நின்னு நின்னு போற ரோடு. டவுன்ல மட்டும் ஓட்டினா 8-ல இருந்து 8.5 வரை குடிக்கும். என்2-ல சவுத் கோஸ்ட் பக்கம் 110-ல விட்டா 6.5-க்குள்ள நிக்கும். புரோஷர்ல சொன்ன 6.8 ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, பொய்னு சொல்ல மாட்டேன்.

உக்கார்றது சௌகரியம். என் முட்டிக்கு ஆபரேஷன் ஆனது, தாழ்வான கார்ல ஏறி இறங்க முடியாது, பக்கி (பிக்கப் வண்டி) மாதிரி உயரமாவும் வேணாம். இதுல சீட்டு இடுப்பு மட்டத்துல இருக்கு, திரும்பி உக்காந்து காலை உள்ள எடுத்துக்கலாம். உங்கம்மாவுக்கு அது ஒண்ணே பெரிய விஷயம்.

சென்ச்சூரியன்_அக்கா:
ஹைப்ரிட் வச்சிருக்கேன், நீ சொன்ன அதே என்1 தான், நான் சென்ச்சூரியன்ல இருந்து வர்றேன், உன்னை விட இன்னும் நீளம். சிட்டி டிராஃபிக்ல எனக்கு வர்றது 100-க்கு 4.7, 4.8, குளிர்காலத்துல காலையில எஞ்சின் சூடாகற வரைக்கும் ஓடிட்டே இருக்கறதால 5.2 வரை போகும். இது டேஷ்போர்ட் காட்டற நம்பர் இல்ல, டேங்க் ஃபுல் பண்ணி அடுத்த ஃபுல் வரைக்கும் ஓட்டி லிட்டரை கிமீ-ஆல வகுத்து எடுத்தது. டேஷ்போர்ட் எப்பவுமே அதுல இருந்து ஒரு 0.2, 0.3 கம்மியா தான் காட்டும்.

டிராஃபிக்ல என்ன நடக்குதுன்னா, பக்ளூ கிட்ட ஊர்ந்து போறப்ப எஞ்சின் ஆஃப்ல தான் இருக்கு, மோட்டார்ல நகருது, ஏசி கூட பேட்டரில ஓடுது, பிரேக் அடிக்கறப்ப சார்ஜ் ஏறுது, அப்பப்ப எஞ்சின் ஒரு நிமிஷம் வந்து பேட்டரிய ஏத்திட்டு திரும்ப அடங்கிடுது. அந்த நிசப்தம் இருக்கே, ஆபீஸ்ல இருந்து தலைவலியோட வர்றப்ப அது எவ்வளவு பெரிய சுகம்னு சொன்னா புரியாது, ஓட்டிப் பாத்தா தான் தெரியும்.

ஆனா நேர்மையா சொல்றேன், ஹைவேல அந்த 4.3 கனவு தான். என்3-ல 120-ல கட்டி ஓட்டினா 5.8, 6-னு வந்து நிக்கும். 110-ல போனா 5.3. டேங்க்கும் பெட்ரோல் வண்டிய விட சின்னது, அதனால டர்பனுக்கு ஒரே மூச்சுல போகணும்னு நினைக்காத, நடுவுல ஒரு தடவை ஊத்திக்கோ.

உம்லாங்கா_ராஜா:
ரெண்டு பேரும் டொயோட்டா பக்கமே பேசறீங்க, நானும் சொல்றேன். என்கிட்ட இருக்கறது வேற கம்பெனி 1.5 டர்போ கிராஸ்ஓவர், பேரு வேணாம், வாங்கறப்ப ஸ்கிரீன் பெருசு, மேல கண்ணாடிக் கூரை, விலை கம்மி, வீட்ல எல்லாருக்கும் பிடிச்சுது. ஓட்ட ஜாலியா இருக்கு, மறுக்கல. ஆனா உம்லாங்கால இருந்து டவுனுக்கு எம்4-ல போய் வர்றதுக்கு 100-க்கு 9.5 குடிக்குது, ஸ்கூல் டைம்ல 10 தாண்டுது. ஷோரூம்ல வித்தவர் 7 தான் வரும்னு அடிச்சு சொன்னார், திரும்பப் போய் கேட்டா உங்க ஓட்டற ஸ்டைல் சார்னு முடிச்சிட்டார். மாசம் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறுதுன்னா எங்க வீட்ல செவ்வாய்க்கிழமையே பேச்சு ஆரம்பிச்சிடுது.

ஆனா ஒரு விஷயம், மதுரைக்காரர் ஜோபர்க்ல இருக்கார், அங்க உயரத்துல டர்போ தானே இழுக்கும்? டர்போ இல்லாத 1.8-ஐ அஞ்சு பேரோட அங்க ஓட்டினா மூச்சு வாங்காதா?

லெனேசியா_மெக்கானிக்:
நல்ல கேள்வி கேட்டீங்க ராஜா, இதை நான் ஒர்க்‌ஷாப்புக்கு வர்ற எல்லாருக்கும் சொல்றேன். டர்போ இல்லாத எஞ்சின் கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் ஏறினா சுமாரா 1 சதவீதம் பவர் விடும். ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல, அப்ப 103 கிலோவாட் வண்டி இங்க 85, 86 தான். டர்பன்ல டெஸ்ட் டிரைவ் பண்ணிட்டு இங்க கொண்டு வந்து ஓட்டறவங்க வண்டில ஏதோ கோளாறுன்னு வந்து நிப்பாங்க. கோளாறு ஒண்ணும் இல்ல, காத்துல சத்து கம்மி அவ்வளவு தான். டர்போ அந்த காத்தை அமுக்கி உள்ள தள்றதால அவ்வளவு விடாது, அதுல ராஜா சொல்றது சரி.

ஆனா காத்து லேசா இருக்கறதுல ஒரு லாபமும் இருக்கு, இதை யாரும் பேசறதில்ல. ஹைவேல பெட்ரோல் குடிக்கறதே பெரும்பாலும் காத்தைக் கிழிக்கறதுக்குத் தான். மேல காத்து அடர்த்தி கம்மின்னா எதிர்க்கறதும் கம்மி. அதனால வில்லியர்ஸ், வார்டன் பக்கம் அந்த தட்டையான ரோட்ல நல்ல நம்பர் வரும். அப்புறம் இந்த எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 110-ல இருந்து 120-க்கு போனா வேகம் 9 சதவீதம் தான் கூடுது, காத்து எதிர்ப்பு 19 சதவீதம் கூடுது. அக்கா சொன்ன 5.3-க்கும் 5.8-க்கும் வித்தியாசம் அங்க இருந்து தான் வருது. மேல ரூஃப் பாக்ஸ் மாட்டினா இன்னும் மோசம், லீவு முடிஞ்சதும் கழட்டிடுங்க, சும்மா மாட்டிக்கிட்டே ஊர் சுத்தாதீங்க.

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:
மெக்கானிக் அண்ணே, நன்றி. அப்ப டர்பன்ல இருந்து திரும்ப ஏறி வர்றப்ப எவ்வளவு கூட குடிக்கும்? இப்ப இருக்கற வண்டில போறப்ப ஒரு நம்பர், வர்றப்ப வேற நம்பர், எனக்கு பம்ப்ல ஏமாத்தறாங்களோன்னு சந்தேகம்.

லெனேசியா_மெக்கானிக்:
பம்ப் மேல சந்தேகப்படாதீங்க தம்பி, கணக்கு போட்டுக் காட்டறேன். வண்டி, ஆளு, லக்கேஜ் சேத்து 1,600 கிலோன்னு வைங்க. அதை 1,700 மீட்டர் தூக்கணும், அதுக்கு 27 மெகாஜூல் கிட்ட சக்தி வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் இருக்கு, ஆனா எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்கு தான் சக்கரத்துக்குக் குடுக்கும், மீதி சூடா போயிடும். அப்ப சும்மா மலை ஏத்தறதுக்கு மட்டும் ரெண்டரை லிட்டர். டர்பன் டு ஜோபர்க் 570 கிமீ சுத்தி, அதுல பரப்பினா 100 கிமீக்கு 0.4-க்கு மேல கூடும். இறங்கறப்ப அதே மாதிரி குறையும், அதனால போறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல வித்தியாசம் ரெண்டு மடங்கு கிட்ட தெரியும். ஆக போறப்ப 6.6, வர்றப்ப 7.5 வந்தா அது சரியான கணக்கு தான்.

இன்னொண்ணு, மேல இருக்கறப்ப 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டா போதும், டர்போ இல்லாத இந்த எஞ்சினுக்கு அந்த உயரத்துல 95 போட்டு ஒரு லாபமும் இல்ல. கடற்கரையில 95 போடுங்க. கோஸ்ட்ல விலையும் இன்லேண்டை விட கம்மி, குழாய்ல மேல கொண்டு வர்ற செலவு அங்க சேராது, அதனால திரும்ப கிளம்பறதுக்கு முன்னாடி டர்பன்லயே ஃபுல் பண்ணிட்டு ஏறுங்க.

மாரிற்ஸ்பேர்க்_வைத்தியர்:
வணக்கம் எல்லாருக்கும். நான் பீற்றர்மாரிற்ஸ்பேர்க்கில இருக்கிறன், என்னட்டையும் ஹைப்ரிட் தான், கிழமைக்கு சில நாள் டேர்பன் ஆஸ்பத்திரிக்குப் போய் வாறனான். என்3-ல இப்ப நடக்கிற ரோட்டு வேலையால கேற்றோ ரிட்ஜ், ஹமர்ஸ்டேல் பக்கம் லொறிக்குப் பின்னால நிண்டு நிண்டு தான் போகவேணும், அந்த நேரம் ஹைப்ரிட் எடுத்தது எவ்வளவு நல்லதெண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான். எனக்கு எல்லாம் கலந்து 5 லீற்றர் தான் வருது.

மதுரைத் தம்பி, அம்மான்ர இடுப்பைப் பற்றிக் கேட்டீங்கள், அதைப் பற்றித்தான் முக்கியமா எழுத வந்தனான். இந்தக் காரிலை 17 இஞ்சி ரயரும் வருது, மேல் மொடல்ல 18 இஞ்சியும் வருது. 17-க்கு 215/60, 18-க்கு 225/50, முதல் எண் அகலம் மில்லிமீற்றரில, ரெண்டாவது அதில பக்கச்சுவர் எத்தனை வீதமெண்டு. கணக்குப் பாத்தீங்களெண்டால் 17 இஞ்சி ரயரின்ர பக்கச்சுவர் 129 மில்லிமீற்றர், 18-ன்ர 112 தான். அந்தப் பதினாறு பதினேழு மில்லிமீற்றர் றப்பர் தான் குழியில விழேக்குள்ள அடியை வாங்கிறது. பின்னுக்கு ரோர்ஷன் பீம் சஸ்பென்ஷன், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரு தண்டு சேர்த்துப் பிடிக்கும், ஒரு பக்கம் குழியில இறங்கினால் மற்றப் பக்கமும் கொஞ்சம் ஆடும், அது உங்கட அம்மா இருக்கிற இடம். அதால பாக்க வடிவா இருக்கெண்டு 18 எடுக்காதேங்கோ. எங்கட ரோட்டில இருக்கிற குழிக்கு ரிம்மும் தப்பும்.

இடுப்பு வலிக்காரருக்கு வைத்தியரா ஒண்டு சொல்லுறன்: பின் சீற்று நடுவில இருத்தாதேங்கோ, கதவோரம் இருத்தி இடுப்புக்குப் பின்னால ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கோ, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கி நடக்க விடுங்கோ. எந்தக் கார் எண்டாலும் இது வேணும்.

இசிப்பிங்கோ_பெரியவர்:
டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்கண்ணன் மகன் 18 இன்ச் எடுத்தான், ஹிக்கின்சன் ஹைவேல ஒரே குழி, டயர் பக்கவாட்டுல வீங்கிப் போச்சு. அவன் வண்டில பின்னாடி உக்காந்தும் பாத்திருக்கேன், என் வண்டி மெத்துனு போற ரோட்ல அது டக் டக்னு அடிக்குது.

உம்லாங்கா_ராஜா:
சரி, ஆனா ஹைப்ரிட் பேட்டரி செத்துப் போச்சுன்னா? எட்டு வருஷம் கழிச்சு விக்கறப்ப யார் வாங்குவா? லோட்ஷெட்டிங்னு கரண்ட் கட் பாத்த நாட்டுல கரண்ட் வண்டி எதுக்குன்னு எங்க மாமா கேக்கறார்.

சென்ச்சூரியன்_அக்கா:
மாமாகிட்ட சொல்லுங்க, இதுக்கு பிளக்கே கிடையாது, சுவத்துல எதையும் சொருக வேணாம், எஸ்காம் கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் அதுக்கு சம்பந்தமே இல்ல. பெட்ரோல் மட்டும் ஊத்தினா போதும். பேட்டரிக்கு தனியா 8 வருஷம் இல்ல 195,000 கிமீ வாரண்டி குடுத்திருக்கான், மத்த வண்டி வாரண்டி 3 வருஷம் 100,000 கிமீ. டொயோட்டாவோட பழைய ஹைப்ரிட் பிரியஸ் ஜோபர்க்ல இன்னும் ஓடிட்டு இருக்கறத நானே பாக்கறேன்.

ஒரே ஒரு பராமரிப்பு, பின் சீட் பக்கத்துல பேட்டரிக்கு காத்து போற ஒரு வலை இருக்கும், அதை பையி, போர்வை எல்லாம் போட்டு மூடிடாதீங்க. சர்வீஸ்ல அந்த ஃபில்டர சுத்தம் பண்ணுங்கன்னு வாய் விட்டு சொல்லுங்க. வீட்ல நாய் இருந்து வண்டில ஏத்துவீங்கன்னா இன்னும் அடிக்கடி.

லெனேசியா_மெக்கானிக்:
அக்கா சொன்னதோட சேத்துக்கறேன். நிறைய பேருக்கு தெரியாதது, பேப்பர்ல ரெண்டுக்கும் சிவிடின்னு போட்டிருந்தாலும் உள்ள இருக்கறது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. பெட்ரோல்ல ஸ்டீல் பெல்ட்டு, புல்லி. ஹைப்ரிட்ல பெல்ட்டே இல்ல, ஒரு பிளானட்டரி கியர் செட்டும் ரெண்டு மோட்டாரும், தேய்ற கிளட்ச் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. பிரேக் பேடும் மோட்டார் பாதி வேலைய செய்யறதால ரொம்ப நாள் வரும். அதனால ஹைப்ரிட்னா கோளாறு ஜாஸ்தின்னு பயப்பட வேண்டியதில்ல.

சத்தத்தைப் பத்தி யாரும் சொல்லல. ரெண்டுலயும் ஏத்தத்துல மிதிச்சா ஆர்பிஎம் மேல போய் அங்கயே நிக்கும், எஞ்சின் ஒரே சுருதில கத்தும். எல்லா சிவிடிக்கும் அது தான் குணம். ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் வேகம் எடுத்துட்டு, 100-க்கு இறங்கினா இறங்கட்டும்னு விட்டுடுங்க, உள்ள பேசிட்டே வரலாம். லாரிய முந்தணும்னு 120-ஐ விடாம பிடிச்சா தான் சத்தம்.

மாரிற்ஸ்பேர்க்_வைத்தியர்:
இறக்கத்தைப் பற்றியும் சொல்லவேணும். என்3-ல வாற மலைப்பாதை வான் ரீனன்ஸ் பாஸ் இறங்கேக்குள்ள ஸ்கிரீனில பேட்டரிப் படத்தைப் பாத்துக்கொண்டு போவன், அரைவாசிப் பாஸ் முடியிறதுக்குள்ள கட்டம் எல்லாம் நிரம்பி விடும். அந்தப் பேட்டரி 1.3 கிலோவாட் மணி தான், சின்னது. நிரம்பின பிறகு பிரேக்கால சார்ஜ் எடுக்க ஏலாது, எல்லாச் சூடும் பிரேக்குக்குத் தான் போகும். அந்த நேரம் கியரை B-க்கு (எஞ்சின் பிரேக், பார்க்கிங் P இல்லை) இழுத்து விடுங்கோ, எஞ்சின் தன்ர பாட்டில சுத்திக் காரைப் பிடிக்கும், கொஞ்சம் இரைச்சல் வரும், பயப்பிடாதேங்கோ. எங்கட ரவுண் ஹில் இறக்கத்திலயும் இதே தான், அங்க பிரேக் விட்ட லொறியளைக் கண்டனான், அதால இதை ஒருத்தரும் விட்டுவிடக் கூடாது.

2024 செப்டம்பரில பனி கொட்டி என்3 பூட்டினது ஞாபகமோ? எங்கட தெரிஞ்ச குடும்பம் ஒண்டு இரவிரவா அங்க காருக்குள்ள இருந்தவை. பனிக்காலத்தில அந்தப் பக்கம் போறதெண்டால் எந்தக் காரெண்டாலும் ஹாரிஸ்மித்திலயோ லேடிஸ்மித்திலயோ பெற்றோல் ராங்கை நிரப்பிக்கொண்டு, போர்வையும் தண்ணியும் வைச்சுக்கொண்டு ஏறுங்கோ. ஹைப்ரிட்டில சின்ன ராங் எண்டபடியால் இது இன்னும் முக்கியம்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:
இவ்வளவு விவரம் எந்த ஷோரூம்லயும் கிடைச்சிருக்காது. இப்ப காசு கணக்கு தான் பாக்கி. வருஷத்துக்கு 20,000 கிமீ ஓட்டுவேன், அதுல பெரும்பகுதி ஆபீஸ் டிராஃபிக். எப்படி கணக்கு போடறது?

சென்ச்சூரியன்_அக்கா:
உன் மாதிரி ஓட்டத்துக்கு பெட்ரோல்ல 8, ஹைப்ரிட்ல 5-னு வை. 100-க்கு 3 லிட்டர் மிச்சம், 20,000 கிமீக்கு 600 லிட்டர். அதை இந்த மாச இன்லேண்ட் விலையால பெருக்கு, வருஷத்து மிச்சம் வந்துடும். ஒரே கிரேடுல ரெண்டுக்கும் விலை எவ்வளவு வித்தியாசம்னு டீலர்கிட்ட எழுதி வாங்கி, அதை அந்த வருஷ மிச்சத்தால வகுத்துப் பாரு, எத்தனை வருஷத்துல காசு திரும்பும்னு வரும். வண்டிய அதுக்கு மேல வச்சிருப்பேன்னா ஹைப்ரிட் எடு. லோன்ல வாங்கினா அந்த அதிக விலைக்கு வட்டியையும் சேத்துக்கோ, நிறைய பேர் அதை விட்டுடறாங்க.

இசிப்பிங்கோ ஐயா மாதிரி டவுன்ல கொஞ்சமா ஓட்டறவங்களுக்கு பெட்ரோலே போதும். தினமும் என்1-ல நிக்கற உனக்கு என் ஓட்டு ஹைப்ரிட்டுக்குத் தான்.

உம்லாங்கா_ராஜா:
நானும் ஒத்துக்கறேன். என் வண்டிய மாத்தற நேரம் வர்றப்ப ஹைப்ரிட் தான் பாக்கணும்னு வீட்ல பேசியாச்சு, ஹவால் ஜோலியன்லயும் ஹைப்ரிட் வருது, அதையும் ஓட்டிப் பாத்துட்டு தான் முடிவு. ஆனா கொரோல்லா கிராஸ் பூட் (டிக்கி) எப்படி? பசங்க சைக்கிள் வைக்க முடியுமா?

இசிப்பிங்கோ_பெரியவர்:
சைக்கிள் ஒண்ணு வைக்கலாம், பின் சீட்டை ஒரு பக்கம் மடிச்சா. கோயில் விசேஷத்துக்கு பெரிய பித்தளை அண்டா ரெண்டு, வாழையிலைக் கட்டு, அரிசி மூட்டை எல்லாம் அதுல தான் ஏத்திட்டுப் போறேன், கதவு மூடுது. அண்டாவ படுக்க வச்சா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்.

மிட்ராண்ட்_மதுரைக்காரன்:
முடிவு பண்ணிட்டேன், ஹைப்ரிட், 17 இன்ச். சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ், அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், அவங்க பின்னாடி உக்காந்து வந்து சரின்னு சொன்னா தான் கையெழுத்து. வேற எதாச்சும் பாக்கணுமா?

சென்ச்சூரியன்_அக்கா:
ஷோரூம் சுத்தி இருக்கற நல்ல ரோட்ல மட்டும் ஓட்டிட்டு வந்துடாத, குழி இருக்கற ரோட்டுக்கு நீயே ஓட்டிட்டுப் போ, ஸ்பீட் ஹம்ப் நாலஞ்சு ஏத்தி இறக்கு, அம்மா முகத்தை கண்ணாடில பாரு. இருபது நிமிஷமாவது உக்காரட்டும், அஞ்சு நிமிஷத்துல இடுப்பு ஒண்ணும் சொல்லாது. கையெழுத்துக்கு முன்னாடி இன்சூரன்ஸ்க்கு ஒரு போன் போட்டு இந்த மாடலுக்கு டிராக்கர் (வண்டி எங்க இருக்குன்னு காட்டற கருவி) கட்டாயமான்னு கேளு, கட்டாயம்னா அந்த மாசச் செலவையும் என் கணக்குல கழிச்சுக்கோ.